எதையும் பூட்டாத பூட்டு

தம்பி இறந்துவிட்டான் என்ற செய்தி வந்த வியாழக்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, லென்ஸ் தேய்ப்பவரின் வீட்டுக் கூடத்தில் ஒரு பூட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து நாலடி உயரம். சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே, ஆள் நடமாடுகிற இடம். பித்தளைப் பூட்டு, உள்ளங்கை அகலம், சாவித்துளை அடிப்பக்கம். மேலே வளையம் அழுத்தமாகப் பூட்டியிருந்தது. வளையத்துக்குள் காற்றைத் தவிர எதுவும் இல்லை. கூரையிலிருந்து கயிறு வரவில்லை, தரையிலிருந்து கம்பி எழவில்லை. முதலில் பார்த்தது அவருடைய மனைவிதான். ஊருக்குக் கிளம்பப் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தவள் அதில் தோளை இடித்துக்கொண்டாள். தோளைத் தேய்த்தபடி இதை யார் இங்கே மாட்டியது என்று கேட்டாள். அவர் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் இருவரும் பூட்டைச் சுற்றிக்கொண்டு போய், வீட்டை வேறொரு பூட்டால் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அப்பாவை அடக்கம் செய்த அன்று தம்பி வந்த ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். கூட்டம் நிற்கிறது, மழை வேறு வருகிறது என்று அண்ணன் நாலு மணிக்கே காரியத்தை முடித்துவிட்டார். ஆறு மணிக்கு வந்து சேர்ந்த தம்பி ஈர மண்ணைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், "ரெண்டு மணி நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான். அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. உறவில் ஆளாளுக்குச் சமாதானம் பேசினார்கள். மூத்தவன் நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இவரிடம் சொன்னார்கள். சின்னவன் நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது, ஆனால் ஒருவரும் அசையவில்லை. இப்போது தம்பியின் அடக்கத்துக்கு இவர் போன பஸ் நடுவழியில் டயர் வெடித்து நின்றது. அண்ணன் வரட்டும் என்று தம்பி மனைவி சொல்லிவிட்டாள். மொத்தக் கூட்டமும் வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தது. இவர் போய் இறங்கினார், முகத்தைப் பார்த்தார், மண் போட்டார், வாடகை நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்ற ஒத்தாசை செய்தார். கண் கலங்கவே இல்லை. கல்நெஞ்சுக்காரன் என்று ஒரு சித்தி அவர் காதுபடவே சொன்னாள். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றியதே தவிர உறைக்கவில்லை.

அவர் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. சாவுச் செய்தி வந்ததற்கு முந்தைய நாள், புதன்கிழமை மாலை ஆறு இருபதுக்கு, தம்பியிடமிருந்து போன் வந்தது. முகம் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டும் கையுமாக நின்று, தம்பியின் பெயர் திரையில் மின்னி மின்னி அணைவதை முழுவதுமாகப் பார்த்தார். எடுக்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து அடிக்கிறவன் இன்னொரு தடவை அடிப்பான் என்று நினைத்தார். அன்று ராத்திரி தம்பிக்கு மாரடைப்பு.

ஊரிலிருந்து திரும்பி வந்தபோதும் பூட்டு அதே இடத்தில் இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். மாடி வீட்டுக்காரர் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அது ஒரு நூல்கூட இறங்கவில்லை, அவருக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. குடியிருப்போர் சங்கம் கூடி, சுவரிலோ கூரையிலோ படாததால் இது கட்டடத்தின் பகுதி ஆகாது, பராமரிப்பு சங்கத்தின் பொறுப்பல்ல என்று தீர்மானம் போட்டது. பத்திரிகை நிருபர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனார், அன்றைக்குப் பாலம் ஒன்று இடிந்துவிட்டதால் படம் வரவில்லை. கடைத்தெருவிலிருந்து பூட்டுக்காரரை அழைத்துவந்தார்கள். அவர் பூட்டை நான்கு புறமும் சுற்றிவந்து பார்த்தார். ரம்பம் போட்டு அறுத்ததில் மூன்று பிளேடு முறிந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எதையாவது பூட்டியிருந்தா தொறக்கலாம். எதையும் பூட்டாத பூட்டை நான் எங்கேர்ந்து தொறக்குறது?" என்றார். உடைந்த பிளேடுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பூட்டோடு வாழப் பழகுவது கஷ்டமாக இல்லை. அவர் கைகளோடு வாழ்வதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த வியாழக்கிழமையிலிருந்து அவருக்கு இரண்டு கையும் மரத்துப் போயிருந்தன. கைகளில் ஆரம்பித்தது மெல்ல உடம்பு முழுக்கப் பரவியது. சூடு தெரியவில்லை, குளிர் தெரியவில்லை, சட்டையின் பொத்தான் விரலுக்குத் தட்டுப்படவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக லென்ஸின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே சரி, தப்பு சொன்னவர். இப்போது சில்லு பெயர்ந்த லென்ஸை வழவழப்பாக இருக்கிறது என்று ஃப்ரேமில் மாட்டிக் கொடுத்தார். முதலாளி நல்ல மனுஷர். ஒன்றும் சொல்லாமல், தேய்க்கிற மிஷினிலிருந்து எழுப்பி, வருகிறவர்களுக்குக் கண்ணாடியில் முகம் காட்டுகிற வேலையில் உட்காரவைத்தார். அதற்கும் அவர் வருத்தப்படவில்லை. வருத்தம் இருக்க வேண்டிய இடத்தை நாக்கால் தடவுவதுபோல் ஒரு முறை தேடிப் பார்த்தார், அங்கே எதுவும் தட்டுப்படவில்லை.

மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். தினமும் சாயங்காலம் வந்ததும் அவருடைய இரண்டு கையையும் விளக்குக்கு நேரே நீட்டச் சொல்லிப் பார்ப்பாள். கண்ணாடித் துகள் குத்தியிருக்கும், இடுக்கில் நசுங்கி நகம் கறுத்திருக்கும். ஒரு முறை இஸ்திரிப் பெட்டியின் மேலேயே கையை ஊன்றி நின்று செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வாடை வந்துதான் அவள் ஓடி வந்தாள். அன்றைக்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். முடித்த பிறகு சொன்னாள்.

"அழுங்கன்னு நான் சொல்லல. ஒரு தடவையாவது சூடு பட்டா கையை எடுங்க. எனக்கு அது போதும்."

சரி என்றார். சொல்லும்போதே அது அவர் வசத்தில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவள் அவரைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகப் பயந்தாள். கேஸ் அடுப்பின் குமிழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவுக்குப் பயந்தாள்.

தையல் மிஷின் பழுது பார்க்கிற கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்பது பேர் கொண்ட ஒரு வட்டம் கூடுவது வழக்கம். பூட்டைச் சாவியில்லாமல் திறப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. கடைக்காரர் அவர்களைச் செல்லமாகத் திருட்டுக் கூட்டம் என்பார். அதில் ஒரு பல் டாக்டரம்மா உண்டு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரம்மா உண்டு, மற்றவர்கள் பலதரப்பட்ட ஆபீஸ்களில் குனிந்து எழுதுகிறவர்கள். அவர்களுக்கு இரண்டே விதி. உன்னுடையது அல்லாத பூட்டைத் தொடாதே. உபயோகத்தில் இருக்கிற பூட்டைத் தொடாதே. ஒரு முறை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், விசாரணை முடிந்து டீயும் குடித்துவிட்டு, தன் வீட்டு பீரோச் சாவி தொலைந்துவிட்டது என்று தலையைச் சொறிந்தார். உள்ளே துணிமணி இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றார். அப்படியானால் அது உபயோகத்தில் இருக்கிற பூட்டு, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு கறார்.

கண்ணாடி மாற்ற வந்து, பூட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட பல் டாக்டரம்மாதான் லென்ஸ் தேய்ப்பவரை அங்கே கூப்பிட்டது. புதிதாக வருகிறவர் ஒரு நோட்டில் எழுத வேண்டும்: பூட்டு யாருடையது, எங்கே இருக்கிறது, எதைப் பூட்டுகிறது. முதல் இரண்டு இடத்தில் என்னுடையது, என் வீட்டுக் கூடம் என்று எழுதினார். மூன்றாவது இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதி ஒரு கோடும் இழுத்தார். கண்டக்டரம்மா அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்பது வருடம் டிக்கெட் இல்லாதவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்த அம்மா. ஆனாலும் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

பூட்டுக்குள் இருப்பது பெரிய விஷயம் இல்லை. ஆறு சின்னப் பித்தளை முளைகள், அவற்றை மேலிருந்து அழுத்துகிற ஆறு ஸ்பிரிங். சாவி போட்டால் ஆறும் தத்தம் அளவுக்கு ஏறி நிற்கும், உருளை திரும்பும். சாவியில்லாதவர் ஒரு கையில் முறுக்குக் கம்பியை வைத்து உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கொக்கியை விட்டு முளைகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு முளைதான் சண்டைக்கு நிற்கும், மற்றவை சும்மா ஆடும். சண்டைக்காரன் யார் என்று விரல்தான் சொல்ல வேண்டும். இவருக்கு விரல் இல்லாத குறை. பழகுவதற்குக் கொடுத்த இரண்டு முளைப் பூட்டையே நாலு ஞாயிறு குத்திக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஞாயிறு பல் டாக்டரம்மா அவரை வாயைத் திறக்கச் சொன்னார். கொக்கியின் பிடியைக் கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொன்னார்.

"பல்லு அவ்வளவு சீக்கிரம் மரக்காது. நான் ஊசி போட்டாத்தான் மரக்கும்," என்றார்.

அது உண்மையாக இருந்தது. கொக்கி முளையைத் தொட்டதும் தாடையெலும்பில் டிக் என்று கேட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவருடைய உடம்புக்குள் வந்து சேர்ந்த முதல் செய்தி அது. முறுக்குக் கம்பியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கண்ணால் பிடித்துக்கொண்டார். கம்பியின் முனையில் கூர்முனைப் பேனாவால் கோடுகள் போட்டு, எத்தனை கோடு வளைகிறது என்று பார்த்தார். மயிரிழை வித்தியாசம் பார்த்தே பிழைத்த கண் அது. அந்த வருடம் முடிவதற்குள் மாடியில் இருந்த பூட்டுகளில் பாதியை வாயாலேயே திறந்துவிட்டார். வட்டத்தில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர் வந்தது.

வீட்டில் குட்டை முக்காலி போட்டுப் பூட்டுக்குக் கீழே உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, கொக்கியைக் கடித்தபடி ஆரம்பித்தார். மனைவிக்கு முதல் நாள் சிரிப்பு வந்தது. தாகம் எடுத்தவர் குழாய்க்குக் கீழே வாயை வைத்தது போல இருக்கிறது என்றாள். மூன்றே வாரத்தில் ஐந்து முளை ஏறி நின்றது. ஆறாவதையும் ஏற்றியபோது உருளை கொஞ்சம் திரும்பி, பிறகு நின்றுவிட்டது. அப்படியே நின்றது. இன்னும் அழுத்தினார், கம்பி வளைந்தது, உருளை அசையவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறும்.

பல் டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டதுமே புரிந்துகொண்டார். அதற்குக் கள்ளத் திறப்பு என்று பெயர். சில பூட்டில் ஒன்றிரண்டு முளைக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும். ஏறிவிட்டது போலப் பாவனை காட்டி, அந்த ஒடுங்கிய இடத்தில் உருளையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். திறந்துவிட்டது என்று நம்பி அழுத்த அழுத்தப் பிடி இறுகும். அப்போது முறுக்குக் கம்பியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். உருளை பின்னால் போகும், போகட்டும். ஏற்றி வைத்த மற்ற முளைகள் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும், இருக்கட்டும். அந்தப் பின்வாங்கலில்தான் கள்ள முளை மேலே ஏறும்.

விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைக் கேட்டதும் அவர் அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். தம்பியோடு இருந்த சண்டையை இந்த அம்மாவுக்கு யார் சொன்னது என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. யாரும் சொல்லவில்லை, அந்த வட்டத்தில் அந்த வேலைக்கு அதுதான் பெயர்.

ஒரு கோடு, அரைக் கோடு, கால் கோடு என்று கம்பியைத் தளர்த்திப் பார்த்தார். ஒன்று, உருளை பிடிவாதமாக நின்றது. அல்லது ஆறு முளையும் கலகலவென்று விழுந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதாயிற்று. இறுக்கிப் பிடிப்பது, மொத்தமாக விட்டுவிடுவது என்ற இரண்டுதான் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. நடுவில் ஒன்று இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அதைத் தேடியே ஒரு வருடமும் ஏழு மாதமும் போயிற்று. அதற்குள் மனைவிக்கு ஒரு பக்கத் தலைமுடி நரைத்தது. கடைவாய்ப் பல் ஒன்று தேய்ந்து, பல் டாக்டரம்மாவே அதற்குத் தொப்பி போட்டுவிட்டார். அடுப்புக் குமிழ் தினமும் பையில் மருந்தகத்துக்குப் போய் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் நோட்டைப் புதுப்பித்தார்கள். அவரவர் எழுதியதை அவரவர் படித்து, மாற்றம் இருந்தால் திருத்த வேண்டும். ஒன்றுமில்லை என்ற தன் எழுத்தையும் அந்தக் கோட்டையும் அவர் படித்தார். பிறகு இரண்டையும் அடித்துவிட்டு எழுதினார்: புதன்கிழமை மாலை ஆறு இருபதுக்கு என் தம்பி எனக்கு அடித்த போன். நான் எடுக்கவில்லை.

நோட்டு ஒன்பது பேர் கைக்கும் போய் வந்தது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அதெல்லாம் அவர்களுக்கு வராது. கீழே தையல் மிஷின் ஓடி நின்ற சத்தம் கேட்டது. கடைசியில் கண்டக்டரம்மாதான் பேசினார்.

"அப்ப அது உபயோகத்துல இருக்குற பூட்டு. விதி விதிதான். இனிமே இங்க அதைப் பத்திப் பேச முடியாது."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டும்போது அந்த அம்மா படி வரைக்கும் வந்தார்.

"பூட்டு உங்களோடது. வீட்டுக்குப் போயி நீங்க தொறந்தா நாங்க பாக்கப்போறதில்ல. ஒண்ணு சொல்றேன். விடுறது வேற, விட்டுக்கொடுக்கிறது வேற. விட்டா கை காலியாயிடும். விட்டுக்கொடுத்தா கை அங்கயேதான் இருக்கும்."

அவர் வீட்டுக்கு நடந்தே போனார். சாயங்காலம் நாலரை மணி, கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. முக்காலியில் உட்கார்ந்தார். மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். கொக்கியைக் கடிப்பதற்கு முன், அவளைக் கூப்பிட்டு அந்தப் போன் விஷயத்தைச் சொன்னார். அவள் டீ டம்ளரோடு வந்து கேட்டாள். அவர் அண்ணாந்தார். ஆறு முளையும் ஏறின. உருளை கொஞ்சம் திரும்பிக் கள்ளத் திறப்பில் நின்றது. இந்தத் தடவை கோடுகளை அவர் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். கை அங்கேயே இருந்தது. கம்பி தானாகவே பின்னால் வந்தது, அவர் வரவிட்டார். முளைகள் விழப்போகின்றன என்று தோன்றியது, விழட்டும் என்று இருந்தார். தாடையில் டிக் என்றது. பிறகு இன்னொரு டிக். வளையம் சடாரென்று மேலே எழும்பியது.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காற்று வீசவில்லை, விளக்கு அணையவில்லை. திறந்த பூட்டு அதே நாலடியில், அதே இடத்தில் தொங்கியது. அவர் கொக்கியைத் துப்பிவிட்டு எழுந்தார். மனைவி டம்ளரை நீட்டினாள். வாங்கியவர் வாங்கிய வேகத்தில் கையை உதறினார். டீ தரையெல்லாம் தெறித்தது.

"சுடுது," என்றார்.

அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் அழ ஆரம்பிக்க இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று. ஆரம்பித்தது பன்னிரண்டு நாள் நிற்கவில்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குளிக்கும்போதும் அழுதார். கடைக்கும் அழுதுகொண்டேதான் போனார். முதலாளி அவரைப் பழையபடி மிஷினில் உட்காரவைத்தார். லென்ஸ் தேய்க்கும்போது தண்ணீர் சொட்ட வேண்டும், அந்தப் பன்னிரண்டு நாளும் மிஷினுக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றத் தேவைப்படவில்லை. அந்த வாரம் கண்ணாடி வாங்கிப்போன யாரும் குறை சொல்லி வரவில்லை. உடம்பில் இரண்டு வருடமாகப் பட்ட சூடும் குத்தும் நசுக்கலும் ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் வந்து வலித்தன. இஸ்திரிப் பெட்டியின் முறை வந்த அன்றைக்கு அவர் லீவு போட்டார்.

பதின்மூன்றாம் நாள் தம்பி மனைவியைப் பார்க்கப் போனார். இந்தத் தடவை பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் சமையலறையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவன் கடைசியாக எனக்குத்தான் அடித்தான், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை.

"தெரியும் மாமா. நான் பக்கத்துலதான் இருந்தேன். எடுக்க மாட்டான்னு சொல்லிக்கிட்டேதான் அடிச்சாரு."

எதற்கு அடித்தான் என்று கேட்டார். கேட்கத்தான் வந்திருந்தார். இரண்டு வருடமாக அவர் நினைத்துப் பார்த்த பதில்கள் நிறைய இருந்தன. மன்னிப்பு, உதவி, நெஞ்சுவலி, எல்லாவற்றுக்கும் தயாராகவே இருந்தார்.

"நானும் கேட்டேன். சும்மாதான்னாரு."

அதற்கு அவர் தயாராக இல்லை. முகத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று எழுந்தபோது, அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே எதுவோ நெற்றியில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தார். பித்தளைச் சாவி ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு பல். அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது என்று தம்பி மனைவி சொன்னாள். யார் இழுத்தும் வரவில்லை, எதற்கு என்றும் தெரியவில்லை, பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்களாம். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கையை நீட்டினார். சாவி ஒரு தடையும் இல்லாமல் அவர் கைக்கு வந்தது. சில்லென்று இருந்தது.

அவள் காலியான இடத்தைக் கையால் துழாவிப் பார்த்தாள்.

"நீங்க முன்னாடியே வந்திருக்கலாம் மாமா," என்றாள்.

"ஆமாம்மா," என்றார்.

அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அவர் சாவியைச் சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டோடு போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.